தோற்கும் சீசனில் சிறுவர் சாஃப்ட்பால் அணியை நடத்துவது: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பதினொன்று முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளை வைத்து சாஃப்ட்பால் அணி நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் நான்கைந்து மேட்ச் வரிசையாகப் போயிருக்கும். 15க்கு 2, 18க்கு 1 என்று ஸ்கோர். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளும் குறையத் தொடங்கியிருப்பார்கள். சீசன் முடிய இன்னும் பாதி இருக்கும்.

புதிதாகப் பொறுப்பேற்கிறவர்கள் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பேட்டிங் பயிற்சியைக் கூட்டுகிறார்கள். ரன் வரவில்லை, அடிக்கச் சொல்லிக்கொடுப்போம் என்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் 18 ரன் கொடுக்கிற அணி இரண்டு ரன்னை ஐந்து ரன்னாக்கினாலும் தோல்விதான். மேட்ச் கையைவிட்டுப் போவது நாம் ஃபீல்டிங்கில் நிற்கும்போது. அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் பிள்ளைகள் தொடர்ந்து வர வேண்டும். அடுத்து மூன்று அவுட் எடுக்கத் தெரிய வேண்டும். ரன் எடுப்பது அதற்கப்புறம். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டிப் போனால் அடுத்தது நிற்காது.

1. தொடங்கும் முன் தயாராக வைத்திருக்க வேண்டியவை

முதலில் ஒரு நைலான் கயிறு. அதில் 60 அடியில் ஒரு முடிச்சு, 84 அடி 10 அங்குலத்தில் இன்னொரு முடிச்சு. 60 அடி என்பது ஒரு பேஸிலிருந்து (ரன்னர் ஓடித் தொட வேண்டிய இடம்) அடுத்த பேஸுக்கு உள்ள தூரம். மற்றது பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸுக்குக் குறுக்கே உள்ள தூரம். நம் பக்கத்து மைதானங்களில் கோடு நிரந்தரமாக இருக்காது. கிரிக்கெட் ஆடுகிறவர்கள், ஃபுட்பால் ஆடுகிறவர்கள் எல்லாரும் புழங்கும் இடம். கண் அளவில் பேஸ் வைத்தால் எப்போதும் குறைவாகத்தான் விழும். 50 அடியில் எறிந்து பழகிய பிள்ளை, மேட்சில் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியும் பந்து பத்தடி முன்னாலேயே தரையில் குத்தும். பிள்ளைக்குக் கை பலம் இல்லை என்று நினைத்துவிடுவோம், உண்மையில் அளவுதான் தப்பு.

பிட்சிங் தூரம், அதாவது பந்து வீசும் பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே உள்ள தூரம், வயதுப் பிரிவுக்கு ஏற்ப மாறும். பெரிய பெண்கள் அணிக்கு 43 அடி, சிறுவர் பிரிவுகளில் 35 அல்லது 40 அடி. போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் சுற்றளவு 11 அங்குலமா 12 அங்குலமா, பெரிய வித்தியாசத்தில் பின்தங்கினால் எந்த இன்னிங்ஸில் ஆட்டத்தை நிறுத்துவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். மேட்ச் அன்று பந்தைக் கையில் வாங்கிப் பார்த்துத் திகைக்கும் அணிகள் இருக்கின்றன.

ஹெல்மெட், பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முகக்கவசம், நெஞ்சுக்கவசம், கால்கவசம் இவை இல்லாமல் ஒரு நாளும் பயிற்சி வேண்டாம். காசு குறைவாக இருந்தால் புது பேட்டைத் தள்ளிப்போட்டு இவற்றை முதலில் வாங்குங்கள். பெரியமேட்டுக் கடைகளில் கேட்சர் செட் வாங்கும்போது உங்கள் கேட்சரையே கூட்டிப்போய் மாட்டிப் பாருங்கள். பெரியவர்கள் அளவில் வாங்கினால் முகக்கவசம் நழுவி, பிள்ளை ஒவ்வொரு பந்துக்கும் கண்ணை மூடும்.

கிளவுஸ் எல்லாருக்கும் இருக்காது, பகிர்ந்துதான் ஆட வேண்டியிருக்கும். வலது கையால் எறிகிறவர் கிளவுஸை இடது கையில் மாட்ட வேண்டும். இடக்கைப் பிள்ளைக்கு வேறு கிளவுஸ் வேண்டும். கிடைத்ததை மாட்டிக்கொள் என்று விட்டால் அந்தப் பிள்ளை பந்தைப் பிடித்து, கிளவுஸைக் கழற்றி, பிறகு எறியும். அதற்குள் ரன்னர் பேஸில் நிற்பார்.

பேஸுக்கு மணல் நிரப்பிய கோணிப்பை வேண்டாம். கால் இடறி கணுக்கால் பிசகும். பழைய ரப்பர் மேட்டைச் சதுரமாக வெட்டிப் போட்டால் போதும். கோடு போட சுண்ணாம்புத் தூள். கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். அடுத்த படி முழுக்க அதில்தான்.

2. ஸ்கோர் ஷீட்டைத் திறந்து, ரன் எப்படிப் போனது என்று பாருங்கள்

தோற்ற மேட்சுகளின் ஸ்கோர் ஷீட்டை எடுங்கள். எதிரணியின் ஒவ்வொரு ரன்னுக்கும், அந்த ரன்னர் முதலில் எப்படி பேஸுக்கு வந்தார் என்று பாருங்கள். நோட்டில் நான்கு பத்தி: நான்கு பால் (அடிக்கும் எல்லைக்கு வெளியே போய், பேட்டர் வீசாமல் விட்ட பந்து) போட்டு ஃபர்ஸ்ட் பேஸைச் சும்மா கொடுத்த வாக், கைக்கு வந்து நழுவிய பந்து, எறிந்து தப்பிய பந்து, உண்மையிலேயே நன்றாக அடித்த அடி. கேட்சரைத் தாண்டி ஓடிய பந்துகளை ஓரத்தில் தனியாகக் குறியுங்கள். அவை ரன்னரைப் பேஸுக்குக் கொண்டுவருவதில்லை, வந்தவரை அடுத்தடுத்த பேஸுக்கு நகர்த்துகின்றன.

சிறுவர் அணிகளில் நான்காவது பத்திதான் பெரும்பாலும் சின்னது. எதிரணி பயங்கரமாக அடித்தது என்று நினைவில் நின்றிருக்கும், கணக்கில் பார்த்தால் இரண்டு நல்ல அடிதான் இருக்கும். மிச்சம் எல்லாம் நாம் கொடுத்தது. ஒரு இன்னிங்ஸுக்கு எதிரணிக்கு மூன்று அவுட்தான் உண்டு. ஒரு வாக், ஒரு நழுவல், ஒரு தப்பெறிதல் என்று கொடுத்தால் அவர்கள் ஆறு அவுட் வைத்து ஆடுகிறார்கள் என்று அர்த்தம். எந்த அணியும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் காட்டலாம், ஆனால் யார் பெயரையும் போடாமல். “நாம 16 ரன் கொடுத்தோம், அதுல 9 வாக்ல வந்தது” என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். எதிரணி எட்ட முடியாத உயரத்தில் இல்லை என்பதை அந்த எண்ணே காட்டிவிடும். வெறும் ஊக்க வார்த்தைக்கு அந்த பலம் கிடையாது.

எந்தப் பத்தி பெரிதோ அதற்குத்தான் அடுத்த இரண்டு வாரப் பயிற்சியில் பாதி நேரம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் எதுவும் திருந்தாது.

3. தோற்ற மேட்சுக்கு அப்புறம் வரும் பத்து நிமிடம்

எத்தனை பிள்ளைகள் அடுத்த பயிற்சிக்கு வருவார்கள் என்பது இந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிறது. இதற்கும் ஒரு வரிசை உண்டு.

முதலில் எதிரணியோடு வரிசையாக நின்று கை கொடுப்பது. அப்புறம் தண்ணீர். அதுவரை எதுவும் பேசாதீர்கள். தாகத்தோடும் அழுகையோடும் நிற்கிற பிள்ளையின் காதில் எதுவும் ஏறாது. பிறகு நிழலில் உட்கார வைத்து இரண்டே விஷயம். நன்றாக நடந்த ஒன்று, அடுத்த பயிற்சியில் செய்யப்போகும் ஒன்று. அதோடு கலையலாம்.

நன்றாக நடந்தது என்றால் குறிப்பாகச் சொல்ல வேண்டும். “எல்லாரும் நல்லா ஆடினீங்க” என்பது பொய் என்று 15 ரன்னில் தோற்ற பிள்ளைக்குத் தெரியும். “நாலாவது இன்னிங்ஸ்ல பால் ரைட் ஃபீல்டுக்குப் போச்சு, ஷார்ட் ஸ்டாப் செகண்ட் பேஸ்ல போய் நின்னுச்சு பார்த்தியா, அத நாம இதுக்கு முன்னாடி செஞ்சதே இல்ல.” (ஷார்ட் ஸ்டாப் என்பது செகண்ட் பேஸுக்கும் தேர்டு பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஃபீல்டர்.) இப்படி ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் மேட்ச் நடக்கும்போதே நோட்டில் குறித்திருக்க வேண்டும். முடிந்த பிறகு யோசித்தால் தப்புகள் மட்டும்தான் ஞாபகம் வரும்.

பந்தை விட்ட பிள்ளையின் பெயரை எல்லார் முன்னிலும் எடுக்காதீர்கள். அது அவர்களுக்கு முன்னாலேயே தெரியும், வீட்டுக்குப் போய்த் தூங்கும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். திருத்தத்தை அடுத்த பயிற்சியில், பந்து கையில் இருக்கும்போது, தனியாகச் சொல்லுங்கள். கையோடு செய்து பார்க்க முடியாத அறிவுரை வசவாகத்தான் போய்ச் சேரும்.

எதிரணிப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம். அவர்கள் மூன்று வருடமாக ஒன்றாக ஆடியிருக்கலாம், பள்ளியிலேயே சொந்த மைதானம் இருக்கலாம். நம் பிள்ளைகள் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

4. பெற்றோரிடம் முன்னதாகப் பேசுங்கள்

தோல்வி வரிசையாக வந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, “இதுக்குப் போய் என்ன ஆகப்போவுது, டியூஷன் போ” என்பது. காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது இது வலுக்கும். அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே நீங்கள் போய்ப் பேசியிருக்க வேண்டும். பிள்ளை நின்ற பிறகு போனால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும்.

பேசும்போது வெற்றியை வாக்குக் கொடுக்காதீர்கள். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், யார் கூட்டிவந்து விடுவார்கள், தேர்வு வாரத்தில் பயிற்சி உண்டா, இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் வீட்டில் இருட்டுவதுதான் முக்கியக் கவலை. ஜூன், ஜூலையில் ஆறரை மணி வரை வெளிச்சம் இருக்கும். நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். முடிகிற நேரத்தை மாதத்துக்கு ஏற்ப மாற்றி, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே தெருப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். சீருடையாக வெள்ளை அரைக்கால் சட்டையை எடுக்காமல் அடர் நிறத்தில் முழு டிராக் பேன்ட் வையுங்கள். மாதவிடாய் நாளில் பெண்கள் சொல்லாமல் நின்றுவிடுவது இதனால் குறையும், பேஸை நோக்கித் தரையில் சறுக்கி ஸ்லைடு செய்யும்போது முட்டியும் தேயாது.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து மீனவக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்தால் இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் கை நெருக்கடியாக இருக்கும். பள்ளி திறப்புச் செலவும் அதை ஒட்டியே வரும். சீருடைக் காசு, போட்டிக் கட்டணம் எதையும் அந்த நேரத்தில் கேட்காதீர்கள். கேட்டால் பணம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அதே நாட்களில் பல அப்பாக்கள் கரையில் இருப்பதால், அவர்களை மைதானத்துக்கு அழைக்கவும் அதுதான் நல்ல சமயம்.

மேட்சில் ஓரத்தில் நின்று கத்துகிற அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர், ஃபவுல் (கோட்டுக்கு வெளியே) போன பந்தை எடுத்து வருவது, பேட்டை அடுக்குவது, எதுவாக இருந்தாலும் சரி. ஸ்கோர் எழுதும் பொறுப்பை ஒரு பிள்ளையின் அக்காவிடம் கொடுத்தால் உங்கள் கை ஃப்ரீயாகும், வீட்டுக்குள்ளும் ஆட்டத்தின் கணக்கு போய்ச் சேரும்.

5. எறிவதும் பிடிப்பதும்

சீசனைத் திருப்பும் இடம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதில் அவசரப்படாதீர்கள்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் தெருக் கிரிக்கெட்டிலிருந்து வருகிறார்கள். கண்ணும் கையும் நன்றாகப் பழகியிருக்கும். ஆனால் சில பழக்கங்கள் இங்கே குறுக்கே நிற்கும். கிரிக்கெட்டில் ஃபீல்டர் ஒரு பிட்ச் விழவைத்துக் கீப்பருக்கு எறிந்தால் நல்ல த்ரோ. இங்கே ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவரின் நெஞ்சுக்கு நேராக, தரையில் படாமல் போக வேண்டும். கட்டாந்தரையில் விழுந்த பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. கிரிக்கெட்டில் வெறும் கையால் பிடிப்பார்கள். இங்கே கிளவுஸ் கை முதலில் போக வேண்டும், எறியும் கை பக்கத்திலேயே வந்து மூட வேண்டும்.

தூரத்தை இந்த வரிசையில் கூட்டுங்கள். முதலில் 20 அடி, ஜோடி ஜோடியாக. எறிபவரின் முன்கால் ஜோடியை நோக்கி இருக்கிறதா, முழங்கை தோளுக்குக் கீழே தொங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொடர்ந்து பத்துப் பந்து கீழே விழாமல் போய் வந்தால் 40 அடி. அங்கேயும் பத்து வந்தால் 60 அடி. விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். தண்டனை எதுவும் வேண்டாம், எண்ணிக்கையே போதும். பிள்ளைகள் தாங்களாகவே சத்தமாக எண்ணத் தொடங்குவார்கள், அடுத்த ஜோடியோடு போட்டி போடுவார்கள். 18க்கு 1 தோற்ற அணி, இங்கே ஒன்றை ஜெயிக்கிறது.

தரையில் உருண்டு வரும் பந்துக்கு: கால் அகலம், புட்டம் தாழ்வு, கிளவுஸ் மண்ணைத் தொட்டபடி. மேலிருந்து கீழே போகிற கிளவுஸ் பந்தைத் தவறவிடும், கீழிருந்து மேலே வருகிற கிளவுஸ் பிடிக்கும். பந்து எகிறுவதால் முகத்தைத் திருப்புகிற பிள்ளைக்கு முதல் வாரம் டென்னிஸ் பந்தால் உருட்டுங்கள். பயம் போகாமல் நிஜப் பந்தை வேகமாக அடித்தால், திருப்புவது பழக்கமாகவே ஆகிவிடும். பயிற்சிக்கு முன்னால் எல்லாரும் ஒரு வரிசையாக நடந்து கல், கண்ணாடிச் சில்லு பொறுக்குவதும் இதில் சேர்ந்ததுதான்.

அடுத்து, பிடித்த பிறகு எங்கே எறிவது. பந்து கைக்கு வந்த பிறகு யோசிக்கிற பிள்ளை தப்பாகத்தான் எறியும். ஒவ்வொரு பிட்சுக்கும் முன்னால் ஷார்ட் ஸ்டாப் கத்த வேண்டும்: “எத்தனை அவுட்? பால் வந்தா எங்க?” எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். தோற்கிற அணி மைதானத்தில் அமைதியாகிவிடும். இந்தக் கேள்வி அந்த அமைதியையும் உடைக்கும்.

அவர்களுக்கு ஒரே விதி கொடுங்கள்: உறுதியாகக் கிடைக்கிற ஒரு அவுட்டை எடு. பெரும்பாலும் அது ஃபர்ஸ்ட் பேஸில் இருக்கும். மூன்றாம் பேஸில் உள்ள ரன்னரைப் பார்த்து, ஹோமுக்கு எறிந்து, அது தப்பி, மூன்று பேர் உள்ளே வருவதுதான் பெரிய இன்னிங்ஸ்கள் பிறக்கும் விதம். ஒரு ரன் போகட்டும், அவுட்டை வாங்கு என்று சொல்லுங்கள். ஒரே அடியில் இரண்டு அவுட் எடுக்கும் டபுள் பிளே பயிற்சி இந்த சீசனுக்கு வேண்டாம்.

6. பிட்சர்: ஸ்ட்ரைக் முதலில், வேகம் அப்புறம்

வாக் பத்தி பெரிதாக இருந்தால் இங்கே வாருங்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். யூடியூபில் பார்த்த முழுச் சுழற்று பிட்சிங்கைப் பிள்ளை முதல் நாளிலேயே செய்யத் தொடங்கியிருக்கும். கை சுழலும், பந்து எங்கோ போகும்.

கடைசி அசைவிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுங்கள். சுவரிலிருந்து பத்தடி தள்ளி, பக்கவாட்டில் நின்று, கை இடுப்பைக் கடக்கும் இடத்தில் மணிக்கட்டைச் சொடுக்கி விடுவது மட்டும். பந்து நேராகப் போகத் தொடங்கியதும், கையைப் பின்னால் கொண்டுபோய் ஊஞ்சல்போல் முன்னால் வீசுவது. இப்படி வீசுவதும் விதிப்படி சரியான பிட்சிங்தான், மேட்சிலும் போடலாம். இதில் பத்துக்கு ஆறு ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) வருகிற பிள்ளைக்கு மட்டும் முழுச் சுழற்றலைக் காட்டுங்கள். மெதுவான ஸ்ட்ரைக்கை எதிரணி அடிக்கும், உண்மைதான். அடித்த பந்தைப் பிடிக்க எட்டுப் பேர் நிற்கிறார்கள். நான்கு பால் போட்டால் அந்த எட்டுப் பேரும் வெறுமனே நிற்கிறார்கள்.

பிட்சிங் பிளேட்டில் கால் வைத்து, இரண்டு கையும் சேர்த்து ஒரு கணம் நிற்க வேண்டும் என்பதையும் இப்போதே பழக்குங்கள். அந்த ஒரு கணம் விதி கேட்பது, பதற்றமான பிள்ளைக்கு மூச்சுவிட நேரமும் கொடுக்கும்.

ஒரே ஒரு பிட்சரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மூன்று பேரையாவது தயார் செய்யுங்கள். தொடர்ந்து இரண்டு வாக், மூன்றாவது பேட்டருக்கும் பால் போகிறது என்றால் நீங்களே நடந்து போங்கள். அழுகை வந்த பிறகு மாற்றினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை பந்தைத் தொடத் தயங்கும். “இப்ப ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போ, அஞ்சாவது இன்னிங்ஸ் உனக்குத்தான்” என்று சொல்லி மாற்றுங்கள், சொன்னபடி ஐந்தாவதைக் கொடுக்கவும் செய்யுங்கள். தோளிலோ முழங்கையிலோ வலி என்று சொன்னால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டியதுதான்.

கேட்சருக்குத் தனியாக ஒன்று: பந்தைப் பிடிக்க முடியாவிட்டாலும் உடம்பால் தடுத்து முன்னால் விழவை. இரண்டு முட்டியும் தரையில், முகவாய் நெஞ்சோடு. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் விட்டுவிட்டால், ஃபர்ஸ்ட் பேஸ் காலியாக இருந்தாலோ இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் ஓடலாம். இதைத் தெரியாத அணிகள், அவுட் என்று குதித்துக்கொண்டிருக்கும்போது பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸில் போய் நிற்பார்.

7. பேட்டிங்: கிரிக்கெட்டை எங்கே விட வேண்டும்

முதல் சிக்கல் பயம். கிரிக்கெட்டில் அவுட்டானால் அவ்வளவுதான், மறுபடி பேட் கிடைக்காது. அதனால் பந்தை விட்டுப் பார்த்து ஆடப் பழகிய பிள்ளை, இங்கேயும் நல்ல பந்தை விட்டுவிட்டு மூன்று ஸ்ட்ரைக்கையும் பார்த்தபடியே திரும்பும். இந்த ஆட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று முறை அதே பேட்டர் வருவார் என்பதை வாயால் சொன்னால் போதாது. வீசி அவுட்டானவரைத் தட்டிக்கொடுங்கள், பார்த்துக்கொண்டே அவுட்டானவரிடம் அடுத்த முறை வீசச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும்.

இரண்டாவது, பின்பக்கம் திருப்பி அடிப்பது. ஃபைன் லெக்கில் நான்கு கிடைத்த அடி இங்கே ஃபவுல். மூன்றாவது, அடித்த பிறகு பேட்டோடு ஓடுவது. பேட்டைக் கீழே விட்டுவிட்டு ஓட வேண்டும். வீசி எறிந்தால் கேட்சரின் காலில் படும். ஓடும் முன் குனிந்து தரையில் வைக்கிற அசைவை பந்தே இல்லாமல் பழக்குங்கள்.

கற்றுக்கொடுக்கும் வரிசை: முதலில் பன்ட். பேட்டைக் குறுக்கே பிடித்து, பந்து வந்து படட்டும் என்று விடுவது. கண் பந்தைக் கடைசிவரை பார்க்கப் பழகும், எதிரணிச் சிறுவர்களும் பன்ட்டை எடுக்கத் தடுமாறுவார்கள். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பன்ட் ஃபவுலானால் அவுட் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அடுத்து, பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்கிப்போடும் பந்தைச் சுவரை நோக்கி அடிப்பது. பிளாஸ்டிக் பந்தே போதும், ஒருவருக்கு முப்பது அடி கிடைக்கும். நிஜ பிட்சருக்கு எதிராக ஆடுவது கடைசியில். வரிசையில் நின்று ஆளுக்கு ஐந்து பந்து என்று நடத்தும் பேட்டிங் பயிற்சியில் பதின்மூன்று பேர் நின்று பார்க்கிறார்கள், ஒருவர்தான் ஆடுகிறார்.

8. ஓட்டம்

குறைந்த நேரத்தில் ரன் கூடும் இடம் இது. மூன்று விஷயம் போதும். ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடும்போது வேகத்தைக் குறைக்காமல் பேஸைத் தாண்டி நேராக ஓட வேண்டும், அங்கே தாண்டி ஓடினால் அவுட் கிடையாது. பிட்சர் கையிலிருந்து பந்து போகும் முன் ரன்னர் பேஸை விடக் கூடாது, விட்டால் அவுட். மேலே எழும்பிய பந்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஓடாமல் பாதி வழியில் நின்று பார்க்க வேண்டும், இரண்டு அவுட் ஆகியிருந்தால் மட்டும் ஓடிவிடலாம்.

ஸ்லைடு பழக்க கட்டாந்தரை வேண்டாம். ஈரத் தார்ப்பாயை விரித்து, ஷூ இல்லாமல் செய்யுங்கள்.

9. யார் எங்கே நிற்பது, யார் ஆடுவது

ஃபர்ஸ்ட் பேஸில் நன்றாகப் பிடிக்கிற பிள்ளையை நிறுத்துங்கள். உயரம் இரண்டாம்பட்சம். எறிகிற கையும் வேகமான காலும் உள்ளவர் ஷார்ட் ஸ்டாப். வியாசர்பாடிப் பக்கம் ஃபுட்பால் ஆடி வந்த பிள்ளைகள் இருந்தால் சென்டர் ஃபீல்டில் வையுங்கள், பந்து விழும் இடத்தை முன்பே கணித்து ஓடுவார்கள்.

இடத்தை முடிவு செய்தால் மூன்று மேட்ச் மாற்றாதீர்கள். தோற்றதும் எல்லாரையும் இடம் மாற்றுவது அடிக்கடி பார்க்கிற தவறு. பழகாத இடத்தில் நிற்கிற பிள்ளை, எங்கே எறிவது என்று மறுபடி முதலிலிருந்து யோசிக்கும்.

கடலை ஒட்டிய நம் மைதானங்களில் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். உயரமாகப் போகும் பந்து மேற்கே தள்ளிப்போகும். மேட்சுக்கு முன் ஐந்து பந்தை மேலே எறிந்து அவுட்ஃபீல்டர்களுக்குக் காட்டுங்கள். ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்ப்பது போதாது, மேலே காற்று வேறு வேகத்தில் இருக்கும்.

எல்லாரும் ஒவ்வொரு மேட்சிலும் ஆட வேண்டும். சர்வதேச விதிப்படி, தொடக்க ஒன்பதில் இருந்தவர் வெளியே போய் ஒருமுறை தன் பேட்டிங் வரிசை இடத்துக்கே திரும்பி வரலாம். உங்கள் போட்டியில் அது உண்டா என்று கேட்டு, உண்டென்றால் பயன்படுத்துங்கள். தோற்கும் சீசனில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் முதலில் வராமல் நின்றுவிடும். அதோடு அதன் நண்பர்கள் இருவரும் போவார்கள். கடைசியில் ஒன்பது பேரைத் தேற்றவே ஓட வேண்டியிருக்கும்.

10. ஒரு மாலைப் பயிற்சி எப்படி ஓட வேண்டும்

நாலரை மணிக்குப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நேராக வருவார்கள். மதியம் சாப்பிட்டதோடு சரி. முதல் பத்து நிமிடம் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ, தண்ணீரோடு. பசியோடு இருக்கிற பிள்ளையின் கவனக்குறைவைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுகிறோம்.

அடுத்து ஓட்டமும் உடல் சூடேற்றலும் பத்து நிமிடம். எறிதல் பிடித்தல் இருபது நிமிடம், இது எந்த நாளும் குறையக் கூடாது. நோட்டில் பெரிதாக இருந்த பத்திக்கு இருபது நிமிடம். பிறகு மூன்று குழுவாகப் பிரித்துப் பன்ட், சுவர் அடி, பிட்சிங், சுற்று முறையில். கடைசிப் பத்து நிமிடம் ஆட்டம். ஆட்டம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அடுத்த நாள் பிள்ளைகள் அதற்காகத்தான் வருகிறார்கள்.

மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் அண்ணன்மார்களோடு முன்கூட்டியே பேசி ஒரு மூலையை வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்னதில் பெரும்பகுதிக்கு 70 அடிச் சதுரம் போதும். மழை நாளில் ஏதாவது ஒரு கூரையடியில் உட்கார்ந்து, பேப்பரில் மைதானம் வரைந்து, “ஒரு அவுட், ஃபர்ஸ்ட் செகண்ட் பேஸ்ல ஆளு, பால் தேர்டு பேஸுக்கு வருது, என்ன பண்ணுவ?” என்று கேட்கலாம்.

11. சீசனின் மிச்சத்துக்கு இலக்கு வைப்பது

“அடுத்த மேட்ச் ஜெயிக்கணும்” என்பதை இலக்காக வைக்காதீர்கள். எதிரணி யார் என்பது நம் கையில் இல்லை. நோட்டிலிருந்து எடுங்கள். போன மேட்சில் 9 வாக் என்றால் அடுத்ததில் 6. மூன்று பேர் மட்டும் போய் இன்னிங்ஸ் முடிவது ஒருமுறை நடந்தால் அது ஒரு இலக்கு. ஆட்டத்தை நிறுத்தாமல் முழு 7 இன்னிங்ஸ் ஆடுவது இன்னொன்று. மேட்ச் முடிந்ததும் இலக்கு நிறைவேறியதா என்பதை ஸ்கோருக்கு முன்னால் சொல்லுங்கள்.

இடையில் உங்கள் அளவிலேயே இருக்கும் ஒரு பள்ளி அணியோடு நட்பு ஆட்டம் ஏற்பாடு செய்யுங்கள். பலமான அணியோடு மட்டுமே ஆடினால், கற்றதைச் செய்து பார்க்கவே சந்தர்ப்பம் வராது. எதிரணி விளையாட்டு ஆசிரியரிடம் முன்னதாகப் பேசி, ஒரு இன்னிங்ஸுக்கு ஐந்து ரன்னோடு மாறிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிறைய ஆடக் கிடைக்கும்.

கடைசி மேட்ச் முடிந்த அன்றே மூன்று வேலை. கிளவுஸ்களை ஈரம் போகத் துடைத்து, உள்ளே ஒரு பந்தை வைத்துக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மூட்டைக்குள் கிடந்தால் தோல் பூஞ்சை பிடித்துவிடும். நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த இடம் பொருந்தியது, அடுத்து எதைக் கற்க வேண்டும். பிள்ளைகள் கலைவதற்கு முன், அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் என்றைக்கு, எத்தனை மணிக்கு மறுபடி கூடுவது என்று தேதியைச் சொல்லி, அதை அவர்கள் பெற்றோரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.